நீள அலகுகளும் படிக்கட்டுக் கணக்கும்

உங்கள் வீட்டில் நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ படிக்கும் குழந்தை இருந்தால் இன்று மாலையே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். "7 கிலோமீட்டர் என்பது எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேளுங்கள். குழந்தை விரல் விட்டுப் படிகளை எண்ணும். ஐந்து பூஜ்யங்களைச் சேர்க்கும். 7,00,000 என்று சரியாகச் சொல்லிவிடும். உடனே வாசற்கதவைக் காட்டி, "இதன் உயரம் ஏறத்தாழ எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்?" என்று கேளுங்கள். ஒரு குழந்தை இருபது என்னும். மற்றொன்று ஆயிரம் என்னும். பல குழந்தைகள் உங்கள் முகத்தையே பார்க்கும். ஏழடிக் கதவின் உயரம் ஏறத்தாழ 213 சென்டிமீட்டர். ஏழு கிலோமீட்டரைச் சென்டிமீட்டரால் அளக்கும் தேவை வாழ்நாளில் எவருக்கும் வரப்போவதில்லை. கதவையோ குழந்தை நாள்தோறும் பத்து முறை கடக்கிறது. அப்படியிருந்தும் முதல் கேள்விக்கு விடை தெரிகிறது, இரண்டாவதற்குத் தெரியவில்லை. இதற்குக் குழந்தையைக் குறை சொல்ல முடியாது. நாம் கற்பிக்கும் முறையைத்தான் ஆராய வேண்டும்.

அம்முறையை நீங்களும் அறிவீர்கள். கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரையப்படும். உச்சிப்படியில் கிலோமீட்டர், அதற்குக் கீழே ஹெக்டோமீட்டர், டெகாமீட்டர், மீட்டர், டெசிமீட்டர், சென்டிமீட்டர், கடைசிப்படியில் மில்லிமீட்டர். இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் பத்தால் பெருக்கு. ஏறினால் பத்தால் வகு. இவ்வளவே பாடம். சில துணைநூல்களில் இதைச் சுருக்கி, "பெருக்கினால் பூஜ்யம் சேர், வகுத்தால் புள்ளி வை" என்றும் அச்சிட்டுவிடுகிறார்கள். ஏழு படி, ஒரு விதி, பத்துக் கணக்கு, பாடம் முடிந்தது. இந்தப் படிக்கட்டை அடியோடு பெயர்த்தெறிய வேண்டும் என்பது என் வாதமன்று. ஆனால் அது முதற்பாடமாக வரும்போது விளையும் கேடு சிறிதன்று என்பதைக் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் என் போன்றோர் ஆண்டுதோறும் ஆய்வுக்கூடத்தில் காண்கிறோம். அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் குழந்தையின் நிலையிலிருந்து பார்ப்போம். மீட்டர் பெரியது, சென்டிமீட்டர் சிறியது; இது அதற்குத் தெரியும். பெரியதிலிருந்து சிறியதற்குப் போகும்போது எண் குறைய வேண்டும் என்றுதான் அதன் இயல்பான அறிவு சொல்லும். ஆகவே வகுக்க நினைக்கிறது. ஆசிரியரோ "பெருக்கு" என்கிறார். குழந்தை தன் அறிவை ஒதுக்கிவிட்டு ஆசிரியரின் விதியை ஏற்றுக்கொள்கிறது. கணக்கு என்பது நம் அறிவுக்கு ஒவ்வாத ஒன்று, சொன்னபடி செய்தால் போதும் என்ற எண்ணம் அந்த இடத்திலேதான் வேர்கொள்கிறது. உண்மையில் குழந்தையின் அறிவில் பிழை ஏதுமில்லை; ஒரு செய்தி குறைகிறது, அவ்வளவே. அலகு சிறுத்தால் எண்ணிக்கை பெருகும் என்பதே அந்தச் செய்தி.

அதைச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. ஒரு தொட்டியைக் குடத்தால் நிரப்பினால் எத்தனை நடை, சொம்பால் நிரப்பினால் எத்தனை நடை என்பது தண்ணீர் எடுத்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். நீளத்திற்கு வருவோம். 120 சென்டிமீட்டர் நீளமுள்ள பெஞ்சைக் குழந்தை தன் சாணால் அளக்கட்டும். சாண் 15 சென்டிமீட்டர் என்றால் எட்டுச் சாண் வரும். பிறகு 4 சென்டிமீட்டர் நீளமுள்ள அழிப்பானை வைத்து அளக்கட்டும். முப்பது வரும். பெஞ்சு வளரவில்லை, அளக்கும் கருவி சிறுத்தது, எண்ணிக்கை கூடியது. எட்டைப் பதினைந்தால் பெருக்கினாலும், முப்பதை நான்கால் பெருக்கினாலும் அதே 120. ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1873-இல் வெளியிட்ட மின்சாரமும் காந்தவியலும் பற்றிய பெருநூல் இந்தக் கருத்தோடுதான் தொடங்குகிறது: எந்த அளவும் இரண்டு உறுப்புகளால் ஆனது, ஒன்று அலகு, மற்றொன்று அந்த அலகு எத்தனை முறை அடங்குகிறது என்னும் எண். மின்காந்த அலைகளின் கொள்கையைத் தந்த நூலே அங்கிருந்துதான் புறப்படுகிறது என்றால், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அதைக் காட்ட ஒரு பீரியடை ஒதுக்குவது வீணாகுமா?

நம் பாடநூல்களில் சாணால் மேசையை அளக்கும் செயல்பாடு இல்லாமலில்லை. ஆனால் அது தரப்படுவது, ஒவ்வொருவர் சாணும் வெவ்வேறு நீளமாகையால் பொது அலகு தேவை என்று காட்டுவதற்கு. நல்ல நோக்கந்தான். எனினும் அந்தச் செயல்பாடு முடிந்ததும் கதவு சாத்தப்படுகிறது. அலகு மாற்றம் வேறோர் அறையில், படிக்கட்டோடு, தனியே தொடங்குகிறது. அளத்தலும் மாற்றலும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பது குழந்தைக்குத் தெரியாமலே போகிறது.

அடுத்து அந்தப் 'பூஜ்யம் சேர்'க்கும் விதி. 3 மீட்டர் என்றால் 300 சென்டிமீட்டர், சரி. 2.5 மீட்டர் என்றால்? விதியை நம்பிய பிள்ளை 2.500 சென்டிமீட்டர் என்று எழுதும். பூஜ்யம் இரண்டு சேர்ந்துவிட்டது, விதி காப்பாற்றப்பட்டது. இரண்டரை மீட்டர் துணி இரண்டரை சென்டிமீட்டராகிவிட்டது! முழு எண்ணுக்கு ஒரு விதி, தசம எண்ணுக்கு ஒரு விதி என்று கற்பித்ததன் பலன் இது. இன்னொரு பிழையும் உண்டு. இதைப் பெரியவர்களிடமும் காணலாம். 2 மீட்டர் 5 சென்டிமீட்டரை மீட்டரில் எழுதச் சொன்னால் 2.5 என்று எழுதுவார்கள். சரியான விடை 2.05. நடுவில் வரும் அந்தப் பூஜ்யம் டெசிமீட்டரின் காலியிடம். முன்பெல்லாம் இதற்கு ரூபாயும் காசும் துணை செய்தன. 2 ரூபாய் 5 காசை 2.05 என்று எழுத ஒரு தலைமுறையே பழகியிருந்தது. நம் நாட்டில் 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் வந்தபோது, மெட்ரிக் அளவைகளுக்கு அதுவே முன்னோடிப் பாடமாகவும் அமைந்தது. இன்று அந்தத் துணை இல்லை. 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாதவையாகிவிட்டன. ஐந்து காசைக் கண்ணால் காணாத குழந்தைக்கு ஐந்து காசை உவமையாகச் சொல்லி என்ன பயன்? ஆனால் கடைக்காரரின் பில்லில் காணாத காசு இன்னும் இரண்டு இலக்கமாக நிற்கிறது. ஆசிரியர் விரும்பினால் அந்தத் துண்டுச்சீட்டைப் பயன்படுத்தலாம்.

இனி, படிகளையே பார்ப்போம். ஏழு படிகளில் நாம் உண்மையில் மிதிப்பவை நான்கே: கிலோமீட்டர், மீட்டர், சென்டிமீட்டர், மில்லிமீட்டர். பொறியியல் வரைபடங்களில் சென்டிமீட்டரும் இல்லை, எல்லாம் மில்லிமீட்டர்தான். ஹெக்டோ, டெகா, டெசி ஆகிய மூன்றும் கரும்பலகையில் மட்டுமே வாழ்வன போலத் தோன்றுகின்றன. போதாக்குறைக்குத் தமிழில் டெகாமீட்டர், டெசிமீட்டர் இரண்டுக்கும் முதலெழுத்து 'டெ' தான். சுருக்கி எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்று மற்றதைப்போல் நூறு மடங்கு! பன்னாட்டுக் குறியீட்டில் இந்தக் குழப்பம் வராமலிருக்க டெசிக்கு ஓரெழுத்தும் டெகாவுக்கு ஈரெழுத்தும் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதும்போது 'மி'யும் 'மீ'யும் ஒரு சுழியில் வேறுபடுவதையும் சிறு பிள்ளையின் கண்ணுக்கு எடுத்துக்காட்ட வேண்டும். இவற்றைக் கற்பிக்க ஓர் எளிய வழி இருந்தும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1795-இல், இப்பெயர்களை அமைத்தவர்கள் ஓர் ஒழுங்கை வைத்தார்கள். பெருக்கங்களுக்குக் கிரேக்கச் சொற்கள்: டெகா பத்து, ஹெக்டோ நூறு, கிலோ ஆயிரம். பகுதிகளுக்கு லத்தீன் சொற்கள்: டெசி பத்தில் ஒன்று, சென்டி நூறில் ஒன்று, மில்லி ஆயிரத்தில் ஒன்று. ஆக, பெயரே விடையைச் சொல்கிறது. 'சென்டிமீட்டர்' என்பதைத் தமிழாக்கிப் படித்தால் 'நூறில் ஒரு மீட்டர்'. பெயரின் பொருள் தெரிந்தவனுக்குப் படிக்கட்டு எதற்கு?

இந்த மூன்று படிகளும் கரும்பலகையில் மட்டுமே வாழ்வன போலத் 'தோன்றுகின்றன' என்றேன். உண்மை அப்படியன்று. நெடுஞ்சாலையில் போகும்போது இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே சிறு கற்கள் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அவற்றில் 2, 4, 6, 8 என்று எழுதியிருக்கும். அவை 200 மீட்டருக்கு ஒன்றாக நடப்படுபவை. அந்த எண்கள் நூறு மீட்டர்களைக் குறிக்கின்றன; அதாவது ஹெக்டோமீட்டர்! பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்த குழந்தைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். ஊர் வரும்வரை எண்ணிக்கொண்டே வரும்.

இதைவிட முக்கியமான ஓரிடம் இருக்கிறது. அது உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் நிலப்பட்டா. அதை எடுத்துப் பாருங்கள். பரப்பு என்னும் தலைப்பின் கீழ் 'ஹெக் - ஏர்' என்றிருக்கும். ஏர் என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கொண்ட சதுரம். அதாவது ஒரு டெகாமீட்டர் பக்கமுள்ள சதுரம், 100 சதுர மீட்டர். ஹெக்டேர் என்பது நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். ஒரு ஹெக்டோமீட்டர் பக்கமுள்ள சதுரம், 10,000 சதுர மீட்டர். நாம் வழக்கொழிந்தவை என்று நினைத்த இரண்டு படிகளும் நம் நிலத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. வகுப்பறையில் மனப்பாடம் செய்து மறந்துபோன டெகாமீட்டரை, சொத்து வாங்கும்போது பத்திர எழுத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.

இப்போது ஒரு பட்டாவில் '0 - 4.05' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதைப் படிப்பது எப்படி? 2 மீட்டர் 5 சென்டிமீட்டரை 2.5 என்று எழுதிப் பழகியவர், இதை 0.405 ஹெக்டேர் என்று படிப்பார். 0.405 ஹெக்டேர் என்றால் 4,050 சதுர மீட்டர்; ஏறத்தாழ ஓர் ஏக்கர். உண்மையில் அது பூஜ்யம் ஹெக்டேர், 4.05 ஏர், 405 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் ஆகையால் பத்தே சென்ட். ஓர் ஏக்கர் என்று எண்ணியவர் கையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஹெக்டேருக்கும் ஏருக்கும் இடையே நூறு மடங்கு இருப்பதால், ஏருக்கு இரண்டு இலக்க இடம் விட்டு 0.0405 ஹெக்டேர் என்று எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பையன் நோட்டில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் அதே பிழைதான் இது. நோட்டில் அரை மதிப்பெண் போகும்; இங்கே போவது தொண்ணூறு சென்ட்.

ஹெக்டேருக்கும் ஏருக்கும் நூறு மடங்கு ஏன்? ஹெக்டோமீட்டருக்கும் டெகாமீட்டருக்கும் பத்து மடங்குதானே? இங்கேதான் படிக்கட்டு முறிந்து விழுகிறது. படிக்கட்டு, நீளத்திற்காகக் கட்டப்பட்டது. பரப்புக்குப் போனால் ஒவ்வொரு படியும் நூறு. கன அளவுக்குப் போனால் ஆயிரம். விதியை மட்டும் அறிந்தவன் பரப்பிலும் பத்துப் பத்தாகவே இறங்குவான். ஒரு சதுர மீட்டரில் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைக் கேட்டால், 'நூறு' என்ற விடைதான் முதலில் எழும். வகுப்பறைத் தரையில் சாக்குக் கட்டியால் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து, ஒரு மூலையில் ஒரு சென்டிமீட்டர் சதுரத்தை வரைந்து காட்டியிருந்தால், நூறு சதுரங்கள் ஒரு வரிசையை மட்டுமே நிரப்பும், அப்படி நூறு வரிசை வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிந்திருக்கும். 10,000 என்பதை எவரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

ஆய்வுக்கூடக் கதைக்கு வருகிறேன். எஃகுக் கம்பியின் யங் குணகத்தைக் காணும் சோதனை உங்களில் பலர் செய்திருப்பீர்கள். கம்பியின் நீளம் 2 மீட்டர், விட்டம் அரை மில்லிமீட்டர் என்று கொள்வோம். 2 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் விசை 19.6 நியூட்டன், கம்பி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.196 சதுர மில்லிமீட்டர். திருகு அளவியில் இந்த விட்டத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் நுட்பத்தோடு மாணவர் அளந்திருப்பார். பூஜ்யப் பிழையையும் திருத்தியிருப்பார். பிறகு அந்தப் பரப்பைச் சதுர மீட்டராக்கும்போது, மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்றுதானே என்று ஆயிரத்தால் வகுத்துவிடுவார். பத்து லட்சத்தால் வகுத்திருக்க வேண்டும். முடிவில் யங் குணகம் சதுர மீட்டருக்கு 2 × 10⁸ நியூட்டன் என்று வருகிறது. எஃகுக்கு உண்மையில் 2 × 10¹¹. ஆயிரம் மடங்கு பிழை. 2 × 10⁸ என்பது, ஏறக்குறைய, மெல்லிய பாலிதீன் பைக்கு உரிய எண்! நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை கவனமாக அளந்த கை, கடைசி வரியில் எஃகைப் பாலிதீனாக்கிவிட்டு ஏட்டில் அடிக்கோடிட்டுக் கையொப்பத்துக்கு நீட்டுகிறது.

மாணவர் தவறு செய்தார் என்பதன்று என் கவலை. எவருக்கும் கை தவறும். விடையைக் கண்டு அவருக்கு ஐயம் எழவில்லையே என்பதுதான் கவலை. பத்தாண்டுகளாக அவர் செய்த அலகு மாற்றக் கணக்குகளில் விடை நம்பத்தக்கதா என்று பார்க்கும் வழக்கமே இருந்ததில்லை. 7 கிலோமீட்டர் 7,00,000 சென்டிமீட்டரா, 70,000 சென்டிமீட்டரா என்பதைக் கண்ணால் சரிபார்க்க முடியாது. படிகளை மறுபடி எண்ணிப் பார்க்கத்தான் முடியும்.

அலகுப் பிழையைப் பற்றி எழுதுபவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது 1999-இல் செவ்வாய்க் கோளை நெருங்கிய அமெரிக்க விண்கலம் அழிந்த செய்தி. எனக்கு அந்த எடுத்துக்காட்டில் நிறைவில்லை. அங்கே எவரும் தவறாக மாற்றவில்லை. ஒரு குழுவினர் பிரிட்டிஷ் அலகில் தந்த எண்ணை மற்றவர்கள் மெட்ரிக் எண்ணாகவே கொண்டுவிட்டார்கள். நமக்குப் பொருந்துவது அதற்கு முந்தைய வேறொரு நிகழ்ச்சி. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் மாண்ட்ரியலிலிருந்து எட்மண்டனுக்குப் புறப்பட்டது. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. ஆகவே தொட்டிக்குள் அளவுகோலை இறக்கி, சென்டிமீட்டரில் ஆழம் பார்த்து, அதை லிட்டராக மாற்றினார்கள். 7,682 லிட்டர். இதுவரை சரி. அடுத்து லிட்டரைக் கிலோகிராமாக்க 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள், 13,597 வந்தது. அந்த 1.77, லிட்டரைப் பவுண்டாக்கும் எண்! கிலோகிராமாக்க ஏறத்தாழ 0.8-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு 41,000 அடி உயரத்தில், அதாவது ஏறத்தாழ 12,500 மீட்டர் உயரத்தில், பறந்துகொண்டிருந்த விமானத்தின் இரு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றன. விமானி திறமையாளர், கிம்லி என்னுமிடத்தில் கைவிடப்பட்ட விமானத் தளத்தில் மிதவை விமானம்போல் இறக்கிவிட்டார். இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். இதில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம். எரிபொருள் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். எனவே ஒரு லிட்டர் எண்ணெய் 1.77 கிலோகிராம் இருக்கவே முடியாது. கணக்கை அன்று பலமுறை சரிபார்த்தார்கள். பெருக்கல் சரியாகவே இருந்தது. எண்ணெய் தண்ணீரில் மிதக்குமே என்று எவரும் நினைக்கவில்லை.

சரி, படிக்கட்டுக்குப் பதிலாக என்ன? பௌதிகத்தில் நாங்கள் செய்வதைத்தான் சொல்வேன்; அதைச் சிறு வகுப்பிலேயே தொடங்கலாம். அலகை எண்ணோடு பெருக்கப்பட்ட ஒரு பொருளாகவே கொண்டு, அதற்குச் சமமானதை அதன் இடத்தில் எழுதுவது. 2.5 மீட்டர் என்றால் 2.5 × மீட்டர். மீட்டர் இருக்கும் இடத்தில் 100 சென்டிமீட்டர் என்று எழுதுங்கள்: 2.5 × 100 சென்டிமீட்டர், 250 சென்டிமீட்டர். 35 சென்டிமீட்டரை மீட்டராக்க வேண்டுமா? சென்டி இருக்கும் இடத்தில் நூறில் ஒன்று என்று எழுதுங்கள்: 35 × 1/100 மீட்டர், 0.35 மீட்டர். பெருக்குவதா வகுப்பதா என்ற கேள்வியே எழவில்லை. பூஜ்யம் சேர்ப்பதும் புள்ளி நகர்வதும் தாமே நடக்கின்றன. பரப்புக்கும் இதே வழிதான்: ஒரு சதுர மில்லிமீட்டர் என்றால் மில்லிமீட்டர் × மில்லிமீட்டர், ஆயிரத்தில் ஒன்று இருமுறை வரும், பத்து லட்சத்தில் ஒன்று. வேகத்திற்கும் இதுவே. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பதில் கிலோமீட்டரின் இடத்தில் 1000 மீட்டரும் மணியின் இடத்தில் 3600 விநாடியும் எழுதினால் விநாடிக்கு 20 மீட்டர் என்று வந்துவிடும். உயர்நிலைப் பள்ளியில் '5/18-ஆல் பெருக்கு' என்று மற்றொரு மந்திரத்தை உருப்போட வேண்டியதில்லை.

இந்த முறையும் சூத்திரமாகிவிட்டால் பயனில்லை. அதற்கு முன் குழந்தையின் உடம்பிலும் கண்ணிலும் சில அளவுகள் பதிந்திருக்க வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். ஏ-4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் ஸ்கேலுக்கு மூன்று மில்லிமீட்டர் குறைவு. குழந்தையின் சுண்டுவிரல் நகம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கக்கூடும். அதுவே அளந்து பார்க்கட்டும். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் நடந்தே காட்டலாம். முதலில் ஊகிக்க வேண்டும், அதை எழுதி வைக்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. அளந்துவிட்டு ஊகிப்பதில் சுவையுமில்லை, பயனுமில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நம் குழந்தைகள் மெட்ரிக் உலகில் மட்டும் வாழவில்லை. நிறைகள், அளவைகள் பற்றிய சட்டம் 1956-இல் வந்தது. 1958-லிருந்து மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் மூன்று தலைமுறை ஆகியும், பூ முழத்தில் விற்கிறது. வேட்டி நாலு முழம், எட்டு முழம். மனை சதுர அடியிலும் சென்டிலும். தொலைக்காட்சித் திரை அங்குலத்தில். தச்சரும் கொத்தனாரும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து 'நூல்' என்கிறார்கள். ஒரு நூல் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். கடையில் 10 மில்லிமீட்டர் என்று வாங்கும் கம்பியை வேலையிடத்தில் 'மூணு நூல் கம்பி' என்பார்கள். மூன்று நூல் 9.5 மில்லிமீட்டர், ஆகவே அது பொருத்தமான பெயரே. பாடநூல் இவற்றைக் கண்டும் காணாமல் போகிறது. பழைய முறையை ஒழிக்க அதுவே வழி என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள் போலும். விளைவு, வீட்டு அளவு ஓர் உலகம், பள்ளி அளவு மற்றோர் உலகம் என்று குழந்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5 அடி 4 அங்குலத்தை 5.4 என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அங்குலம் பன்னிரண்டு கொண்டது அடி. 5 அடி 4 அங்குலம் என்பது 5.33 அடி. இந்தப் பழக்கப்படி 5.1 என்று எழுதினால் ஐந்தடி ஓரங்குலம், 5.10 என்று எழுதினால் ஐந்தடி பத்தங்குலம். தசமக் கணக்கில் இரண்டும் ஒரே எண். இருவருக்குமிடையே உயர வேறுபாடோ 23 சென்டிமீட்டர்! பத்தின் அடுக்காக அமைந்த அலகு எவ்வளவு வசதியானது என்பதை விளக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? அடியையும் அங்குலத்தையும் வகுப்புக்குள் விட்டால்தான் மீட்டரின் அருமை தெரியும்.

ஆசிரியர்கள் தரப்பில் சொல்லப்படும் மறுப்பை நான் அறிவேன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரே ஒரு மீட்டர் கோலை வைத்துக்கொண்டு எதை அளப்பது? பாடங்களை முடிக்க வேண்டாமா? மீட்டர் கோல் இல்லாவிட்டால் கயிறு போதும், முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். கால நெருக்கடி என்பது மெய்யான தடை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படிக்கட்டு முறை காலத்தை மிச்சப்படுத்துகிறது என்பதை ஒப்ப முடியாது. நான்காம் வகுப்பில் கற்றதை ஐந்தில் மறுபடி, ஆறில் மறுபடி, ஒன்பதில் மறுபடி, கல்லூரியில் மறுபடி என்று ஒரே பாடத்தைத்தானே நடத்திக்கொண்டிருக்கிறோம்?

தடையின் மூலம் வினாத்தாளில் இருக்கிறது. '7 கி.மீ. = ____ செ.மீ.' என்று கேட்கும் வரை படிக்கட்டுதான் வெல்லும். அக்கேள்விக்கு அதைவிடக் குறுக்கு வழி இல்லை. கேள்வியை மாற்றிப் பார்ப்போம். "ஒரு பையன் தன் உயரம் 13 மீட்டர் என்று எழுதியிருக்கிறான். அவன் எந்த இடத்தில் தவறியிருப்பான்? சரியான உயரம் எவ்வளவு இருக்கலாம்?" "தையற்காரர் 80 சென்டிமீட்டர் துணி கேட்டார், கடைக்காரர் 0.8 மீட்டர் கிழித்தார். துணி போதுமா?" "கிலோமீட்டர் கல்லுக்கு அடுத்து 6 என்று எழுதிய கல்லருகே பேருந்து நின்றுவிட்டது. அடுத்த கிலோமீட்டர் கல்லுக்கு எத்தனை மீட்டர் நடக்க வேண்டும்?" இவற்றுக்கு விடையளிக்கவும் பெருக்கல் வகுத்தல் வேண்டும். ஆனால் படிகளை எண்ணி மட்டும் விடைகாண முடியாது. எட்டாம் வகுப்பு வந்ததும் வீட்டிலிருக்கும் பட்டாவின் நகலையே எடுத்துவரச் சொல்லலாம். '0 - 12.15' என்று இருந்தால் எத்தனை சதுர மீட்டர், எத்தனை சென்ட் என்று கணக்கிடட்டும். 12.15 ஏர் 1,215 சதுர மீட்டர், 40.47-ஆல் வகுத்தால் 30 சென்ட் வரும்.